நல்ல தொடுதல், கெட்ட தொடுதல், தொடாமை

(ஆம்பூரில் மாலைநேர வகுப்புகளில் பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கவிதை பற்றி இன்றைக்குப் பேசப்போவதில்லை. எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற நம்ம புள்ளைங்களுக்கு உடல், ஆரோக்கியம், உறவு பற்றி வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு எடுக்கப் போறோம்னு சொன்னீங்க. "இயக்க வேலை எவ்வளவோ கிடக்குது, இது நம்ம வேலையா?" என்று ஒரு தோழர் கேட்டார். இதுவும் இயக்க வேலைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், இந்தப் பாடம் எந்த வாசல் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது என்று பார்ப்போம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த இடம், இதோ பக்கத்தில் இருக்கிற வேலூர் சி.எம்.சி. அது யாருடைய ரத்தம்? காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களுடையது. அதற்குப் பிறகு வந்தது பயம். 2005இல் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆக, இந்தப் பாடம் ஆஸ்பத்திரி வாசல் வழியாக, நோய் பயத்தோடு உள்ளே வந்தது. சுயமரியாதையின் வாசல் வழியாக வரவில்லை.

அதையும் உள்ளே விடவில்லை. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் தடை போட்டன. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல், பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று அறிக்கை கொடுத்தது. எந்தப் பண்பாடு? யாருடைய பண்பாடு? அதே 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், பாதிக்கு மேல் - 53.22 சதவீதம் - ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதில் பையன்களும் பாதி. அத்துமீறியவர்களில் பாதிப்பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பண்பாடு வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது.

நமக்கு வேறொரு முன்னோடி இருக்கிறார். பம்பாயில் ர.தோ. கார்வே என்பவர் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற பத்திரிகை நடத்தினார். வாசகர்கள் பாலியல் சந்தேகங்களை எழுதிக் கேட்பார்கள், அவர் பதில் போடுவார். ஆபாசம் என்று வழக்கு வந்தது. 1934இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். கேட்பவனுக்கு அறிவு கொடுத்தால்தான் வக்கிரம் போகும் என்பது அவர் வாதம். வழக்கு தோற்றது, கார்வேக்கு 200 ரூபாய் அபராதம். அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? உடலைப் பற்றிய அறிவும் விடுதலையின் பகுதி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். பள்ளிகளில் உடம்பின் படம் போட்ட ஒரு அட்டையைக் காட்டுகிறார்கள். இது நல்ல தொடுதல், இது கெட்ட தொடுதல். நல்ல காரியம்தான். ஆனா நம்ம புள்ளைக்கு மூணாவதா ஒண்ணு தெரியும். தொடாமை. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கச் சொல்றது, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்றது. என் கவுண்டரிலேயே ஒருத்தர் இருக்கிறார். நான் நீட்டும் பணத்தைக் கையில் வாங்க மாட்டார், "அப்படி வெச்சிடுங்க" என்பார். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தாயிற்று என்கிறது. அட்டையில் மூன்றாவது படம் ஏன் இல்லை?

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. தன் உடம்பு தொடத்தகாதது என்று கேட்டே வளரும் குழந்தை, பெரிய இடத்து ஆள் ஒருவர் தோளில் கை போட்டால் அதைச் சலுகையாக நினைக்கும். அந்தக் கை எல்லை மீறினால் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. பகலில் தீட்டு என்று ஒதுங்கிய கை இருட்டில் ஒதுங்கியதில்லை. இது நம்ம பாட்டிமாருக்குத் தெரிந்த வரலாறு. ஆகவே 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு முன்னால், 'என் உடம்பு யாருடைய உடம்புக்கும் குறைந்ததில்லை' என்பதைச் சொல்லித்தர வேண்டும். இந்தப் பாடம் எந்த அரசு அட்டையிலும் கிடையாது.

அடுத்தது சுத்தம். நகம் வெட்டு, சோப்புப் போடு, வாடை வராமல் இரு என்கிறது பாடப்புத்தகம். தோல் ஷாப்பில் வேலை செய்கிற அப்பனின் மகன் இதைக் கேட்கிறான். சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோமிலும் நின்ற அப்பன் கையில் வெடிப்பும் வாடையும் இருக்கும். 'சுத்தமாக இரு' என்ற பாடம் அவன் காதில் 'நீ அசுத்தம்' என்று விழுகிறது. நீங்க சொல்லித்தர வேண்டியது வேறே. அந்த வாடை வேலையின் வாடை. கையுறையும் பூட்சும் குளிக்கத் தண்ணியும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. பாலாற்றை நாசமாக்கியது நம்ம அழுக்கு இல்லை, தோல் கழிவு. உச்ச நீதிமன்றமே 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். ஆரோக்கியப் பாடம் என்றால் இதுவும் அதில் வரவேண்டும்.

பெண் பிள்ளைகளின் மாதவிடாய்க்கு ஊர் வைத்திருக்கும் பெயர் தீட்டு. நமக்கு வைத்திருக்கும் பெயரும் தீட்டு. ஒரே சொல். நம்ம தெருவிலும் அந்த மூணு நாள் பெண்ணை மூலையில் உட்கார வைக்கிறோம். வெளியே ஒருத்தன் நம்மைத் தீட்டு என்றால் கொதிக்கிறோம், வீட்டுக்குள்ளே மகளைத் தீட்டு என்கிறோம். எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று பாடமே இருக்கிறது. இதைப் பையன்களையும் உட்கார வைத்து நடத்துங்கள். பெண்களைத் தனி அறைக்கு அனுப்பி ரகசியமாகச் சொன்னால், தீட்டு என்பதைத்தான் மறுபடியும் சொல்லித்தருகிறோம்.

உறவு, காதல். இங்கேதான் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2012இல் காதல் திருமணம் ஒன்றைக் காரணம் காட்டி தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். 2023இல் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அறநெறி வகுப்பு வேண்டும் என்றெல்லாம் சொன்னது. சரி. அந்த வகுப்பில் காதல் வருமா?

நம்ம பையன்களுக்குச் சட்டத்தையும் சொல்லுங்க. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயசு ஆகாதவரின் சம்மதம் சம்மதமே ஆகாது. குழந்தைகளைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம். ஆனால் பதினேழு வயசுக் காதலில் பெண் வீட்டார் கையில் அது என்ன ஆகும் என்று யோசியுங்கள். பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் சொன்னது. நீதிமன்றம் வரைக்கும் போவதற்குள் பையனின் படிப்பு போயிருக்கும். காதலிக்காதே என்று நாம் சொல்லவில்லை. காத்திருப்பதற்கும், கேட்டுச் செய்வதற்கும், மாட்டேன் என்றால் விலகிப்போவதற்கும் பழக்குங்கள். பின்னாலேயே சுத்துறது காதல் என்று சினிமா சொல்லித்தந்ததைக் கழற்ற வேண்டும். நம்ம பையன் செய்தாலும் அது தப்புதான். அவன் தலித் என்பதால் அந்தப் பெண்ணின் பயம் குறைந்துவிடாது.

கடைசியாக, எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று. தெருவில் உறுப்புகளின் பெயர் எல்லாம் வசவு. நம்ம சாதியின் பெயரும் வசவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் திட்டுகிறார்கள். புத்தகத் தமிழ்ச் சொல்லோ புள்ளைங்க வாயில் நிற்காது. முதல் நாள் வகுப்பில் அந்தப் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பெயர் சொல்லத் தெரியாத இடத்தில் நடந்ததை ஒரு குழந்தை எப்படிப் புகார் சொல்லும்?

பெயர் எழுதாமல் கேள்வி போட ஒரு பெட்டி வையுங்கள். ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொன்னால் "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்காதீர்கள். யார்கிட்டேயும் சொல்லமாட்டேன்னு சத்தியமும் பண்ணாதீர்கள். அப்படி ஒரு புகாரைத் தெரிந்துகொண்டு மறைப்பது சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும்.

எங்கள் வங்கிக்குப் புதுமைப் பெண் திட்டத்துக்காகக் கணக்கு ஆரம்பிக்கக் கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள். பக்கத்தில் நிற்கும் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினை விட்டு அரை நாள் லீவு போட்டு வந்திருப்பார். அந்த அம்மாக்களுக்கு யாரும் இந்தப் பாடத்தை நடத்தவில்லை. முதல் மாதம் முடிந்ததும் அவர்களையும் ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாளில் கம்பெனி விடாது.