கம்பளிக் கையுறை



கம்பளிக் கையுறை பின்னுவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் பலர் புன்னகை செய்வீர்கள். ஆண்டில் பெரும்பகுதி விசிறியைத் தேடும் நாட்டில் கையுறைக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நியாயமான ஐயந்தான். ஆயினும் நான் சொல்லப் போகும் கலை உங்களுக்கு அந்நியமானது அன்று. நீங்கள் சட்டைக்குள் அணிந்திருக்கும் பனியனைச் சற்றே இழுத்துப் பாருங்கள். அது நீளும்; விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும். உங்கள் சட்டைத் துணி அவ்வாறு நீளாது. இதற்குக் காரணம் என்ன?

சட்டைத் துணி தறியில் நெய்யப்பட்டது. பாவு, ஊடை என்னும் இருவகை நூல்கள் நெடுக்கும் குறுக்குமாகச் சென்று ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. பனியனோ பின்னப்பட்டது. நூல் வளைந்து ஒரு கண்ணியாகிறது. அந்தக் கண்ணிக்குள் நுழைந்து மற்றொரு கண்ணி பிறக்கிறது. கண்ணிகள் வளைவுகளாக இருப்பதால் இழுத்தால் விரிகின்றன; விட்டால் சுருங்குகின்றன. திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரங்கள் செய்யும் வேலையும், ஒரு பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து ஊசிகளால் செய்யும் வேலையும் அடிப்படையில் ஒன்றே. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்னும் பாதிரியார் 1589ஆம் ஆண்டில் முதல் பின்னற் பொறியை அமைத்தார். அவர் பார்த்துப் பழகியதும் கை ஊசிகளின் வேலையைத்தான். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே மனிதர் பின்னக் கற்றிருந்தனர். எகிப்தில் கிடைத்த மிகப் பழைய பின்னற் காலுறைகள் பருத்தி நூலால் ஆனவை. நீலமும் வெண்மையும் கலந்தவை.

கையால் பின்னும் துணிக்கு மற்றொரு இயல்பும் உண்டு. ஒரே நிறத்தில் பின்னினால், தொடக்கம் முதல் முடிவு வரை அது பெரும்பாலும் ஒரே நூலாகவே இருக்கும். கடைசி முடிச்சைப் போடாதவரை நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும். பின்னியது முழுவதும் பிரிந்து மீண்டும் நூலாகிவிடும். கத்தரித்த துணியை மீண்டும் முழுத்துணி ஆக்க இயலாது. செதுக்கிய மரத்தை மீண்டும் மரமாக்க இயலாது. பின்னல் மட்டும் பிழையைப் பொறுக்கும். இந்த ஓர் இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் சரியாகக் கற்றுக்கொள்ளாத கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது உதகையில். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் அங்குள்ள பள்ளத்தாக்குப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் மரத்துப் போகும். எங்கள் வீட்டில் குல்லா, மப்ளர், காலுறை, கையுறை அனைத்தையும் அத்தைதான் பின்னுவார். எட்டு வயதில் என் கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்து, "முதலில் ஒரு மப்ளர் பின்னு. அதற்கு நீளம் ஒன்றுதான் கணக்கு" என்றார். மப்ளர் முடிந்தபின் குல்லா. அதன் பின்னரே கையுறை.

கையுறையைக் குழாய் வடிவில் பின்ன வேண்டும். இதற்கு இருபுறமும் கூரான ஐந்து ஊசிகள் தேவை. மணிக்கட்டைச் சுற்றி 40 கண்ணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஊசிகளில் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு சதுரம் போல் பிடித்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். மணிக்கட்டுப் பகுதியில் இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி மறுபுறமாகவும் மாற்றி மாற்றிப் பின்னினால் அது வரிவரியாக வந்து கையை இறுகப் பற்றும். பிறகு உள்ளங்கைப் பகுதி. கட்டைவிரல் வரவேண்டிய இடத்தில் சில கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு மேலே செல்ல வேண்டும். நுனியை நெருங்கும்போது சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் குறைத்து முடித்து, ஒதுக்கி வைத்த கண்ணிகளுக்குத் திரும்பிக் கட்டைவிரலைப் பின்ன வேண்டும். ஒரு ஜோடிக்கு 100 கிராம் கம்பளி நூல் தாராளமாகப் போதும்.

கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்து, மற்ற நான்கு விரல்களையும் ஒரே அறையில் இடும் கையுறையையே நான் குறிப்பிடுகிறேன். ஐந்து விரல்களுக்கும் தனித்தனி உறை இருப்பதைக் காட்டிலும் இதுவே அதிக வெப்பம் தருவது. தனித்தனியே நிற்கும் விரல்கள் எல்லாப் பக்கமும் வெப்பத்தை இழக்கின்றன. சேர்ந்திருக்கும் விரல்களோ ஒன்றையொன்று காக்கின்றன. ஆட்டு மயிரின் இயற்கையான சுருள்களுக்கிடையே காற்றும் தங்கி நிற்கிறது. அந்தக் காற்றே குளிரைத் தடுக்கும் சுவர்.

இக்கலையின் சிறப்பைக் காண விரும்புவோர் வட ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும். நார்வே நாட்டில் துரோண்ட்ஹைம் நகருக்குத் தென்கிழக்கே செல்பு என்றொரு ஊர் உண்டு. முன்பு எந்திரக்கல் வெட்டுவதில் பெயர் பெற்றிருந்த ஊர் அது. 1857ஆம் ஆண்டில் மாரித் குல்செத் என்னும் இளம்பெண், கறுப்பும் வெள்ளையும் கலந்த எட்டிதழ்ப் பூக்கோலம் இட்டுக் கையுறை பின்னி மாதாகோவிலுக்கு அணிந்து சென்றாள் என்றும், அதைக் கண்ட ஊரார் யாவரும் அதுபோலப் பின்னத் தொடங்கினர் என்றும் அவ்வூர் வரலாறு கூறுகிறது. அந்தப் பூ இன்று நார்வே நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. 1934ஆம் ஆண்டில் ஊராரின் கையுறைகளைத் திரட்டித் தரம் பார்த்து விற்பதற்கென்றே ஒரு நிலையம் அங்கு ஏற்பட்டது.

அந்தக் கோலம் அழகுக்கு மட்டும் அன்று என்பதை நீங்கள் உணர வேண்டும். இரு நிறங்களில் பின்னும்போது, ஒரு நிறம் முன்னே கண்ணியாக நிற்க, மற்றது பின்னே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே துணி இரட்டைத் தடிப்பு ஆகிறது. வெளியே பூவாகத் தோன்றுவது உள்ளே போர்வையாக இருக்கிறது.

பால்டிக் கடலோரத்து லாத்வியாவில் கையுறை திருமணச் சீராகவே விளங்கியது. பெண் குழந்தைகள் சிறு வயது முதற்கொண்டே பின்னிப் பின்னிச் சீர்ப்பெட்டியை நிரப்புவார்கள். திருமணத்தின்போது மணமகன் வீட்டார் ஒவ்வொருவருக்கும் கையுறை வழங்குவது மணப்பெண்ணின் கடமை. பின்னலின் நேர்த்தியைக் கொண்டு பெண்ணின் பொறுமையை உற்றார் எடை போட்டனர். 2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரீகா நகரில் வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகளின் மாநாடு கூடியபோது, வந்த விருந்தினருக்கென 4,500 ஜோடிக் கையுறைகளை அந்நாட்டவர் கையாலேயே பின்னி வைத்திருந்தார்கள் என்றால், அக்கலை அங்கு எவ்வளவு வேரூன்றியது என்பது விளங்கும்.

இது பெண்களுக்கே உரிய வேலை என்று மாணவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், டிட்டிகாக்கா ஏரியின் நடுவே உள்ள டக்கீலே என்னும் தீவில் ஊசியெடுத்துப் பின்னுவோர் ஆண்களே. பையன்கள் சிறு வயதிலேயே கற்கிறார்கள். காதுகளை மூடும் வண்ணக் குல்லாவை நெருக்கமாகப் பின்னத் தெரிவது அங்கு ஓர் இளைஞனின் தகுதி. அத்தீவின் துணிக்கலையை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1962ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் இமயத்தின் எல்லையில் சீனத்துடன் போர் மூண்டது. மிக உயர்ந்த மலைகளில் நின்ற நம் வீரர்கள் பலருக்குப் போதிய குளிராடை இல்லை என்ற செய்தி நாட்டை உலுக்கியது. ஊர்தோறும் பெண்களும் மாணவியரும் ஸ்வெட்டர், மப்ளர், காலுறை, கையுறை பின்னத் தொடங்கினர். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. எங்கள் பள்ளியில் ஒவ்வொரு மாணவிக்கும் பச்சை கலந்த பழுப்பு நிற நூலும், பின்னும் முறை எழுதிய ஒரு தாளும் கொடுத்தார்கள்.

அது சாதாரணக் கையுறை அன்று. கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலுக்கும் தனி உறை வைத்தது. துப்பாக்கியின் விசையை இழுக்கும் விரல் தனித்து நிற்க வேண்டும் அல்லவா? இரண்டாம் உலகப் போரிலும் இத்தகைய கையுறைகளை வீரர்களுக்குப் பின்னி அனுப்பியிருக்கிறார்கள். தாளில் இடக்கைக்கு உரிய முறையை விரிவாக எழுதி, அடியில் ஒரே ஒரு வரியில், வலக்கைக்குத் திசை மாற்றிப் பின்னுமாறு குறித்திருந்தார்கள். பின்னத் தெரிந்தவள் என்ற செருக்கில் நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு இரண்டாவது கையுறையை முடித்து, அணிந்து பார்த்தேன். ஒன்று இடக்கையில் அழகாகப் பொருந்தியது. மற்றதும் இடக்கையில்தான் பொருந்தியது! வலக்கையில் போட்டால் கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் வராமல் புறங்கைப் பக்கம் இழுத்தது. ஆள்காட்டி விரலை மடக்க முடியவில்லை. எந்தக் கைக்காக அந்தக் கையுறையே ஏற்பட்டதோ அந்தக் கைக்கு அது உதவாது.

பிரித்துப் பின்னினால் மூன்று மாலைகள் ஆகும். காலையில் எல்லாரும் கொடுக்கும்போது நான் மட்டும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். நான் பிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, பிழை தெரியாதபடி நூலால் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியை ஜோடிகளை எண்ணினார். என் பின்னல் சீராக இருப்பதாகப் பாராட்டவும் செய்தார். மூட்டை போய்விட்டது.

சில நாட்களுக்குப் பின் தாளாமல் அத்தையிடம் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்து, "கையை விட்டுப் போகிறவரை அது வெறும் நூல்தானே, கண்ணு? பிரித்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 21ஆம் நாள் போர் ஓய்ந்தது. ஆனால் மலையில் குளிர்காலம் அப்போதுதான் தொடங்கியது. அந்த ஜோடி யார் கைக்குப் போயிற்றோ நான் அறியேன். ஒருவேளை அதைப் பெற்றவர் சிரித்துவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஒருவேளை கேட்க வழியில்லாமலும் இருந்திருக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இரண்டாவது எண்ணத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

பின்னாளில் கல்லூரியில் படித்தபோது, ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1783ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றில் கையுறையைப் பற்றிக் கூறியிருப்பதைக் கண்டு வியந்தேன். இடக்கையும் வலக்கையும் அளவாலும் உறுப்பாலும் முற்றும் ஒத்தவை. ஆயினும் ஒன்றின் உறை மற்றதற்கு ஆகாது என்பதை அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியில் தெரியும் கை உங்கள் கையே; ஆனால் உங்கள் கை அன்று. வேதியியல் பயிலும் மாணவர்கள் இத்தகைய இடவல வேறுபாட்டை மூலக்கூறுகளிலும் காண்பார்கள். நான் அதை ஒரு மூட்டைக் கம்பளியில் கற்றேன்.

அன்று முதல் எனக்குச் சில வழக்கங்கள் ஏற்பட்டன. முதலில் வலக்கையையே பின்னுவேன். கட்டைவிரலுக்குக் கண்ணி ஒதுக்கியவுடன் என் கையிலேயே போட்டுப் பார்ப்பேன். பிழை கண்டால், அது பத்துச் சுற்றுக்குக் கீழே இருந்தாலும், அப்போதே பிரித்துவிடுவேன். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, கீழே சிறு எடை ஒன்றைத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்தினால் நேராகிவிடும். புது நூலுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது.

உங்களில் எவருக்கேனும் இதைக் கற்கும் ஆசை பிறந்தால் விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. தடித்த நூல் உருண்டை ஒன்றும் இரண்டு ஊசிகளும் போதும். மப்ளரில் தொடங்குங்கள், குல்லாவுக்குச் செல்லுங்கள், கையுறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அணிய இடமில்லையே என்று எண்ண வேண்டாம். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிரில் வேலைக்குச் செல்லும் கைகள் பல உண்டு. பனி பெய்யும் நாடுகளுக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளும் பலர்.

அவ்வாறு கனடாவுக்குப் புறப்பட்ட என் தங்கையின் பேரனுக்கு ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தேன். அவன் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "ஒன்றின் உள்ளே மட்டும் சிவப்பு நூல் தைத்திருக்கிறதே, எதற்குப் பாட்டி?" என்று கேட்டான். "அதுதான் வலக்கை, போட்டுக் காட்டு" என்றேன். அவன் போட்டுக்கொண்டு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் மடக்கி நீட்டிக் காட்டினான். பொருந்தியிருந்தது. அதன் பிறகே நூலின் கடைசி முடிச்சைப் போட்டேன்.