பெட்டியில் கிடக்கும் பிலிமைக் காப்பாற்றுவோம்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கலியாணம், சடங்கு, தோட்டத்துத் திருவிழா என்று அந்தக் காலத்தில் எடுத்த படங்களை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதன் நெகடிவ் எங்கே என்று கேட்டால், டிரங்குப் பெட்டிக்குள்ளே எங்கேயோ கிடக்கும் என்பார்கள். இன்று நாம் பேச வந்தது அந்த நெகடிவைப் பற்றித்தான்.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் முடிவானது. அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. கப்பலேறிப் போனவர்களோடு படமும் போய்விட்ட வீடுகளில், அவர்கள் முகத்தைப் பார்க்க மிச்சமிருப்பது இந்த நெகடிவ் மட்டுந்தான்.

ஆனால் பிலிம் அழியக்கூடிய பொருள். மலைநாட்டு ஈரத்தில் அதன்மேல் பூஞ்சணம் பிடித்து, படம் பதிந்திருக்கும் பூச்சையே தின்றுவிடும். கலர்ப் படத்தில் சாயம் மங்கும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தால், பிலிமே கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை மற்றப் பிலிம்களோடு வைக்காதீர்கள். அந்த ஆவி நல்லதையும் கெடுக்கும். அதைத்தான் முதலில் படமெடுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய மெசின் தேவையில்லை. கலியாணப் படம் எடுக்கும் நம்ம பொடியன்மார் வைத்திருக்கும் டிஜிட்டல் கமராவே போதும். கிட்டத்திலிருந்து எடுக்கும் மெக்ரோ லென்ஸ் வேண்டும். அது இல்லாவிட்டால், சாதாரண லென்சுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் விலை குறைவு.

மேசையில் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சப் பலகையை வையுங்கள். நெகடிவின் ஓரத்தை மட்டும் பிடித்து, ஊதுபந்தால் தூசியை ஊதிவிடுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் படும். ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும்; அப்போதுதான் இடது வலது மாறாது. கறுப்பு அட்டையில் 24க்கு 36 மில்லிமீற்றர் துவாரம் வெட்டி நெகடிவின் மேல் வைத்தால், அது தட்டையாக நிற்கும், பக்கத்து வெளிச்சமும் வராது. ஸ்டூடியோவில் எடுத்த பெரிய நெகடிவுக்கு அதன் அளவுக்கே வெட்டுங்கள்.

கமராவை ஸ்டாண்டில் நேர்கீழாகப் பார்க்கப் பூட்டுங்கள். சரியாக நிற்கிறதா என்று அறிய, நெகடிவ் வைக்கும் இடத்தில் ஒரு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். லென்சின் பிம்பம் நடுவில் தெரிந்தால் சரி. அறை விளக்கை அணைத்து, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு செக்கன் டைமர் என்று வைத்து, ரோ ஃபைலாக எடுங்கள். கணினியில் கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக மாற்றினால் படம் வந்துவிடும். கலர் நெகடிவுக்கு, மாற்றுமுன் ஓரத்திலுள்ள செம்மஞ்சள் நிறத்தை வைத்து வைட் பலன்ஸ் சரிசெய்ய வேண்டும். ஸ்லைட்டுக்கு இந்த மாற்றுவேலை ஒன்றும் கிடையாது.

இவ்வளவும் பாதி வேலைதான். படத்திலே நிற்பது யார், எந்த லயம், எந்த வருசம் என்று சொல்ல ஆள் வேண்டாமா? நம்ம ஆச்சி, தாத்தாமார் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கமராவை இன்னொரு நாள் இரவல் வாங்கலாம். பேர் சொல்லத் தெரிந்த ஆளைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வெளியூரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பேஸ்புக்கில் போடுமுன் அந்த வீட்டாரைக் கேளுங்கள். கம்பியூட்டரில் ஏற்றியாச்சு என்று நெகடிவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கடதாசி உறையில் இட்டு, அடுப்படிப் புகையும் கூரை ஒழுக்கும் படாத இடத்தில் வையுங்கள். கமரா பிரதி கெட்டால் திரும்ப எடுக்க அதுதான் மூலம்.

விடுமுறை நாளில் லயத்துக்கு ஒரு பொடியன், ஒரு பிள்ளை முன்வந்தால் இந்த வேலையை ஆரம்பித்துவிடலாம். பெரியவர்கள் பெட்டியைத் திறந்து கொடுங்கள். இளையவர்கள் வாங்கியதை எண்ணி, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொடுங்கள்.