தைக்க வேண்டிய புண்ணும் தைக்கக் கூடாத புண்ணும்

(தோப்பூரில் நடைபெற்ற எமது சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

புற்றுநோய் என்றதும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பயமே முதலில் வருகிறது. அந்தப் பயத்தினாலேயே பலர் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் உணவுக்கால்வாயின் உட்படையோடு நிற்கும் ஆரம்பக் கட்டியை அகநோக்கிக் குழாய் மூலம் உள்ளிருந்தே எடுத்துவிடலாம். கட்டியின் அடியில் திரவம் ஏற்றி உயர்த்தி, மின்கத்தியால் ஒரே துண்டாக உரித்தெடுக்கும் முறை 1990களில் ஜப்பானில் வளர்ந்தது. வெளியே தழும்பு இல்லை. உள்ளே புண் உண்டு. சில நாள் கழித்து அதில் இரத்தம் கசியலாம், அரிதாகச் சுவர் துளைபடலாம். ஆகவே அதை மூடுவதா, விடுவதா?

மூடும் வழிகள் பல. சிறிய கிளிப்புகள் குழாய்க்குள்ளாகவே போகும். எளிதானவை, ஆனால் அகன்ற புண்ணின் இரு கரையும் அவற்றின் வாய்க்கு எட்டாது. அப்போது நூல் வளையமொன்றைக் கிளிப்புகளால் கரைகளில் பிணைத்து, சுருக்குப்பை போல இறுக்குவார்கள். குழாயின் நுனியில் பொருத்தும் பெரிய கிளிப், சுவரை ஆழமாகக் கவ்வும். துளை விழுந்தால் அது கைகொடுக்கும். ஊசிநூலால் தைக்கும் கருவியும் உண்டு. உறுதியானது, ஆனால் விலையும் பயிற்சியும் அதிகம் வேண்டும். தையல் வகுப்பில் படித்தது இங்கும் பொருந்தும்: மேற்படையை மட்டும் இழுத்துச் சேர்த்தால் அடியில் வெற்றிடம் தங்கும், பிடி விட்டுப்போகும்.

எல்லா இடத்துக்கும் ஒரே விதி இல்லை. முன்சிறுகுடலின் சுவர் மெல்லியது. பித்தமும் கணையநீரும் புண்ணில் படும். அங்கே மூடுவதே நல்லது. இரைப்பையில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு பெரும்பாலான புண்கள் ஏறக்குறைய எட்டு வாரத்தில் தாமாக ஆறும். களத்தில் அகன்ற புண்ணை இழுத்து மூடினால் பாதை ஒடுங்கிவிடும். புண் தானாக ஆறும்போதே ஒடுங்கக்கூடும் என்பதால் மருந்தாலும் பலூனாலும் அதைத் தடுக்கப் பார்ப்பார்கள். பெருங்குடலில், 20 மில்லிமீற்றரும் அதற்கு மேலுமான தட்டையான கட்டிகளை அகற்றிய 919 பேரிடம் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. கிளிப் இட்டவர்களில் 3.5 வீதமானோருக்கும், இடாதவர்களில் 7.1 வீதமானோருக்கும் பின்னர் இரத்தம் கசிந்தது. பயன் தெரிந்தது வலப்பக்கக் குடலில் மட்டுமே.

சகோதரிகளே, கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், வீடு திரும்பிய பின்னரும் வரலாம். பெரிய வைத்தியசாலைக்கு அருகில் இருப்பவருக்கும் எம் கிராமத்தில் இருப்பவருக்கும் அது ஒன்றல்ல. ஆகவே, "புண்ணை மூடினீர்களா? நான் தூரத்திலிருந்து வருகிறேன். எத்தனை நாள் அருகில் தங்க வேண்டும்?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, மயக்கம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தச் சிகிச்சை எல்லாம் ஆரம்பத்திலேயே வருபவருக்குத்தான். களப் புற்றுநோய் எம் நாட்டில் அதிகம் காணப்படுவனவற்றுள் ஒன்று. வெற்றிலை பாக்கும் புகையிலையும் அதற்குக் காரணங்கள். சோறு இறங்கச் சிரமம் என்று உம்மாவோ மாமியோ சொன்னால், கஞ்சி கரைத்துக் கொடுப்பதோடு நிற்காமல் அந்த வாரமே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.