தூக்கிச் சென்ற பெருமை

எங்கள் வகுப்பில் போலியோ பாதித்த நண்பர் ஒருவர். மாடியிலிருந்த லேபுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போவோம். அதிலே எங்களுக்குப் பெருமை. ஒருநாள் அவர் கேட்டார்: "ஏன்டா, லேபைக் கீழே மாத்தச் சொல்லி ஒருத்தனாவது கேட்டீங்களா?" நாங்கள் கேட்டதே இல்லை.

கோவையில் பொறியியல் படித்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ. அவருக்குக் கை தட்டுவது சுலபமுங்க. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம் தருகிறது. இடம் கிடைத்து வருகிற பிள்ளை மாடி ஏறுவது எப்படி?

சாய்தளம் கேட்டு முதல்வரைப் பார்க்கப் போகிறோம். தம்பி, தங்கைகளே, யாரெல்லாம் கூட வர்றீங்க?