படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிற மனிதர்

சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும், ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோட்டிலிருந்தும் கழுத்தில் கேமராவோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

இன்று ஆகஸ்ட் 19. 1839இல் இதே நாளில்தான் பாரிஸில் டாகேரின் படமெடுக்கும் முறையை ஊரறியச் சொன்னார்கள். பிரெஞ்சு அரசாங்கம் அதற்கு ஓய்வூதியம் கொடுத்து வாங்கி, பொதுவில் வைத்தது. தொழில் ரகசியத்தைத் திறந்து வைத்த நாளைத்தான் நாம் கொண்டாடுகிறோம். அப்படிப் பிறந்த கலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தம்பி வந்து, "அண்ணா, இந்தப் படத்துக்கு என்ன செட்டிங் வெச்சீங்க?" என்று கேட்டால், "அதெல்லாம் அனுபவத்துல வரணும்பா" என்று வாயை மூடிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்களா, இல்லையா? (கைதட்டல்)

இருக்கிறார்கள். ஆனால் வாயை மூடாத ஒருவரும் இருக்கிறார். ராசிபுரம் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர். பேரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார். பின்னால் தூணோரம்தான் உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். (சிரிப்பு) இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அவர்தான் குரு. மீதிப் பேருக்கு, குருவுக்குக் குரு!

அவரிடம் படம் கொண்டு போனவர்களுக்குத் தெரியும். பிரிண்ட் போடாமல் போனால் பேச மாட்டார். மேஜையில் பரப்பச் சொல்வார். ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தலைகீழாக்கினால் முகம் மறந்துவிடும், கதை மறந்துவிடும். வெளிச்சம் எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் கனம் கூடிப் படம் சாய்கிறது என்பது மட்டும்தான் கண்ணில் நிற்கும். பிறகு 'ட' வடிவத்தில் வெட்டிய இரண்டு அட்டைகளை மேலே வைத்து நகர்த்துவார். நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தில் நிறுத்துவார். அடடா, நாம் எடுக்க நினைத்த படம் அதற்குள்ளேதான் இருக்கும்!

ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி களத்துக்கு ஒரு பையன் போனான். நல்ல வெயில். கண் கூசுகிற வெள்ளையாக ஜவ்வரிசி காய்கிறது. முக்காடு போட்ட ஒரு அம்மா அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருக்கிறார். பையன் எடுத்து வந்தான். பெரியவர் பார்த்தார். "ஏங் கண்ணு, ஜவ்வரிசி சாம்பலாட்டம் இருக்குது. அந்த அம்மா மூஞ்சியையே காணோம். நீ யாரைப் படம் எடுத்தே?" என்றார். அவ்வளவுதான் விமர்சனம். பிறகு அரைமணி நேரம் பாடம்.

தம்பிகளே, குறித்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு ஜவ்வரிசி தெரியாது. எதைப் பார்த்தாலும் அது சராசரிச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். அந்த 18 சதவீதச் சாம்பல் கணக்கு. வெள்ளைக் களத்தைக் காட்டினால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று பயந்து குறைத்துவிடும். வெள்ளை அழுக்காகும், வெயிலில் கறுத்த முகம் கரிக்கட்டையாகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1, பிளஸ் 1.5 என்று ஏற்றிக்கொடுங்கள். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் ஒரு சொடுக்கு இறக்குங்கள். நாமக்கல்லில் கருந்தார்ப்பாய் போர்த்திய லாரியை எடுக்கும்போது இதற்கு நேர் எதிர், மைனஸ். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைத்தான் ஐந்து வருஷம் மூடி மூடி வைக்கிறார்கள்! (கைதட்டல்)

யார் என்று கேட்காதீர்கள். பேருக்குப் பின்னால் வால் மாதிரி ஆங்கில எழுத்துகளை நீட்டிக்கொள்கிறவர்கள். உழைத்துப் பட்டம் வாங்கியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் சொல்வது வேறு கூட்டம். ஏற்காட்டு மலைக்கு மேலே எங்கேயோ எடுத்த கடற்கரை அந்தி வானத்தை ஒட்டிவிட்டு, 'சேலத்தில் ஒரு மாலைப் பொழுது' என்று போட்டிக்கு அனுப்புகிறார்களே, அவர்கள். மூக்கனேரியை இந்த ஊர் மக்கள் தூர்வாரி, நடுவே மண்திட்டுப் போட்டு மரம் வளர்த்தார்கள். பறவைகள் வருகின்றன. பறவை கூடு கட்டினால், மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுக்கிற ஆள் நம்மிடையே இருக்கிறான். கிளை போனால் நிழல் போகும், குஞ்சு வெயிலில் சாகும், இல்லை காக்கைக்கு இரையாகும். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுத்தால் கொடுத்தவருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. நான் இதை எந்த மேடையிலும் சொல்வேன்!

வானம் ஒட்டுகிறவர்கள் இப்போது ஒரு நியாயம் பேசுகிறார்கள். "டிரைப்பே மேகம் வரைஞ்சாரே" என்கிறார்கள். நல்லது, டிரைப்பைப் பற்றிப் பேசுவோம். கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபர். மாட்டுவண்டிப் பாதை காலத்தில், 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் என்கிற மாதிரிப் பெரிய மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களோடு இந்தச் சீமையைச் சுற்றியவர். மதுரைக்கு ஒரு தொகுதி, தஞ்சாவூருக்கு ஒரு தொகுதி போட்டாரே, 1858இல் ராயக்கோட்டைக்கும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களுக்கும் தனித் தொகுதி போட்டார்! அன்றைக்கு நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டம்தான். இந்த அரங்கில் எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா? லண்டன் நூலகத்தில் இருக்கிறது. நம் பள்ளிக்கூடச் சுவரில் இல்லை. இது எனக்குத் தீராத ஆதங்கம்.

அவர் மேகம் வரைந்தது உண்மை. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவுக்கு நீல வெளிச்சம் பட்டாலே போதும், வானம் முழுக்க வெளிறிப்போகும். மேகம் நின்றிருந்தாலும் பதியாது. ரசாயனம் தின்றுவிட்டதை அவர் நெகட்டிவின்மேல் வண்ணம் தொட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே மனிதர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை, எழுத்து சிதையாமல், 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு நிறுத்தியிருக்கிறார். கல்லில் இருந்த எழுத்தை அப்படியே கொடுக்க உயிரைக் கொடுத்தவரைத் துணைக்கு இழுக்காதீர்கள். அவருக்கும் ஆதரவு நிலைக்கவில்லை. ஆளுநர் டிரெவெல்யன் வந்து, இது கட்டுப்படியாகாத செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

செலவு என்றதும் ஞாபகம் வருகிறது. 'எந்த கேமரா வாங்கலாம்?' என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. பத்மாவதி சரித்திரம் எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், திருநெல்வேலியில் பிறந்தவர். யானையை அவரைப்போலப் பார்த்தவர் நாட்டில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். 1970இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் கேமரா என்ன தெரியுமா? ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ் என்று தானே சேர்த்துக் கட்டிய சாதனம். 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பேரும் வைத்தார்! கறுப்பு வெள்ளைதான் எடுத்தார். அந்த யானைப் படங்களை இன்றைக்கும் பார்த்தால் தோலின் சுருக்கம் கைக்குத் தட்டுப்படும். (கைதட்டல்)

கையில் இருக்கிற கிட் லென்ஸே ஒரு வருஷத்துக்குப் போதும். காசு சேர்ந்தால் 50 எம்எம் 1.8 வாங்குங்கள். நாமக்கல் நரசிம்மர் குடைவரை மாதிரி இருட்டு இடத்தில் எங்கே அனுமதி கிடைக்கிறதோ அங்கே அதுதான் காப்பாற்றும். வாங்கிய லென்ஸைத் தோல் பையிலேயே போட்டுப் பீரோவில் பூட்டாதீர்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலமும் போதும். பெரிய லென்ஸ் வைத்திருக்கிற அண்ணன்மார்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு பையனுக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் லென்ஸ் தேயாது.

பெரியவர் அப்படித்தான் கொடுத்தார். டிஜிட்டல் வந்து ஸ்டுடியோ படுத்தபோதும், வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. குரூப்பில் ஒரு படம் போட்டால் நாற்பது பேர் 'சூப்பர்ணா', 'வேற லெவல்' என்கிறோம். நாற்பதும் அன்புதான். ஆனால் தொடுவானம் சாய்ந்திருப்பதை அந்த நாற்பதில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. அவர் ஒருத்தர் சொன்னார். அதனால்தான் இங்கே படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறோம்.

ஆகவே இன்றைக்கு ஒரு ஏற்பாடு. பின்னால் மேஜையில் நீங்கள் கொண்டுவந்த படங்கள் இருக்கின்றன. பேர் கிடையாது, எண் மட்டும்தான். பக்கத்தில் துண்டுச்சீட்டும் பேனாவும் இருக்கும். எது சரியில்லை, எப்படிச் சரி செய்யலாம் என்று இரண்டு வரி எழுதுங்கள். 'சூப்பர்' என்று மட்டும் எழுதிய சீட்டை எடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். என் படமும் அதில் இருக்கிறது, தயவு பார்க்காதீர்கள். சாப்பாடு ஒரு மணிக்கு. அதற்குள் ஆளுக்கு ஐந்து படத்துக்காவது எழுதிவிடுங்கள்.