லேப்டாப்பைத் தூக்கிப் போடும் முன்…

(வடசேரியில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு லேப்டாப்பும் வைஃபையும். சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால், "நெட்டு சுத்திக்கிட்டே கெடக்கு, புது லேப்டாப் வேணும்ப்பா" என்று பிள்ளை சொன்னால், அப்பா நாற்பதாயிரம் ரூபாய்க்கு வழி பார்க்க வேண்டும். பல நேரம் அந்தச் செலவு தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வைஃபை தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. 1999-இல் வந்த 'பி' வகைக்கு நொடிக்கு 11 மெகாபிட் வேகம். 2003-இல் 'ஜி' வந்தது, 54 மெகாபிட். 2009-இல் 'என்'; அதைத்தான் இப்போது வைஃபை 4 என்கிறோம். அப்புறம் 5, 6. 2024 ஜனவரியில் வைஃபை 7-க்குச் சான்றளிப்பு தொடங்கியது. புதியது பழையதோடும் பேசும். ஆனால் இரண்டில் தாழ்ந்தது எதுவோ அதன் வேகத்தில்தான் பேசும். ரௌட்டர் 7 ஆக இருந்தாலும் லேப்டாப் 4 என்றால் 4-தான்.

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் விலை குறைந்த லேப்டாப்புகளில் பெரும்பாலும் 'என்' வகை அட்டைதான். பெட்டியில் 150 என்று போட்டிருக்கும். கைக்கு வருவது பாதி இருந்தால் அதிகம்.

இனி நம்ம ஊர் வீட்டுக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சானல் அதில் மூன்றே மூன்று. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் எல்லார் ரௌட்டரும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கும், காலை நேரத்துக் கனகமூலம் சந்தை மாதிரி. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் பழைய வீட்டின் கனத்த சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 6 கிகாஹெர்ட்ஸுக்கு நம் நாட்டில் வரைவு விதிகள் வந்ததே 2025 மே மாதம்தான். '6இ' என்ற எழுத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், அந்த அலையில் வேலை செய்யும் ரௌட்டர் வீட்டில் உண்டா என்று பாருங்கள்.

ஆகவே முதலில் மூன்று சோதனை. ரௌட்டரில் கேபிள் சொருகி வேகம் பாருங்கள். அதிலேயே குறைவு என்றால் குறை லைனில் அல்லது ரௌட்டரில். கேபிளில் நன்றாக வந்து, ரௌட்டர் பக்கத்தில் வைஃபையில் இறங்கினால், வேறொரு புது போனில் பாருங்கள். அதில் வேகம் வந்தால் லேப்டாப் அட்டைதான் பழசு. பக்கத்தில் நன்றாக இருந்து உள்ளறையில் மட்டும் இறங்கினால், குறை சுவரில். ரௌட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். செலவே இல்லை.

அட்டைதான் குறை என்றால், பல லேப்டாப்புகளில் அடிமூடியைத் திறந்து மாற்றிவிடலாம். தபால்தலை அளவுதான் இருக்கும். விலையும் சில ஆயிரத்துக்குள். வாங்கும் முன் நான்கு விஷயம் பார்க்கணும். அட்டை சொருகும் வகையா, போர்டில் பற்றவைத்ததா? எம்.2 வகையா, பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸா? உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா? உங்கள் பிராசஸருக்கு ஒத்துவருமா? சில இன்டெல் அட்டைகள் குறிப்பிட்ட இன்டெல் பிராசஸரோடு மட்டுமே வேலை செய்யும். ஆன்டெனா ஒயர் இரண்டும் மெல்லியது, பிடித்து இழுக்காதீர்கள். திறக்கவே பயமா? யுஎஸ்பி அடாப்டர் போதும்.

புதிதாக வாங்குகிற பிள்ளைகளுக்கு வைஃபை 6 தாராளம். மிச்சப் பணத்தை ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடுங்கள்.

கடைசியாக, என் வயசுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் சும்மா கிடக்கும் லேப்டாப்பை அழித்துத் துடைத்து, அட்டை மாற்றி, நம் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள். கையில் லேப்டாப் இல்லாத பிள்ளைக்கு அது போதும், படித்துக் கரையேறிவிடும்.