காற்றால் குளிரும் இஞ்சின்



தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய கைத்தொழில்களைப் பற்றிப் பேசி வருகிறோம். அந்த வரிசையில் இன்று, ஒரு பழைய கார் இஞ்சினைப் பிரித்து, பழுது பார்த்து, அதன் வலுவையும் சற்றே கூட்டித் திரும்பப் பூட்டிய அனுபவத்தைச் சொல்லப் போகிறோம். "எங்களிடம் காரே இல்லையே, இந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கும் தாய்மார்களும் இருப்பீர்கள். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளும் இந்தக் காரும் ஒரு வகையில் உறவினர்கள்தாம்.

அந்தக் கார் வோக்ஸ்வேகன் பீட்டில். ஜெர்மனியில் பிறந்த வண்டி. அதன் முதுகைப் பார்த்து மலாய்க்கார நண்பர்கள் 'கூரா-கூரா', அதாவது ஆமை, என்று பெயர் வைத்தார்கள். 1960களின் பிற்பகுதியில் நம் நாட்டில் ஷா ஆலமிலேயே வோக்ஸ்வேகன் வண்டிகள் பூட்டப்பட்டன. 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் மெக்சிகோ நாட்டில் கடைசிப் பீட்டில் வெளிவந்தபோது, உலகில் செய்யப்பட்ட மொத்த வண்டிகள் 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தன. அதனால்தான் அதன் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன.

எங்கள் கைக்கு வந்தது 1972ஆம் ஆண்டு வண்டி. தோட்டத்தில் கிராணியாக இருந்த ஒருவர் வாங்கியது. அவர் காலமான பிறகு பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. பின் இருக்கையில் கோழி அடைகாத்தது. அவருடைய பேரன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். அவன் தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒரு நாள் மாலை அவர் பள்ளிக்கு வந்து, தாம் கூட்டுக் கட்டி எடுத்த பணத்தை மேசைமேல் வைத்தார்.

"சார், இவன் சும்மா சுத்திக்கிட்டு இருக்கான். அப்பாவோட காரை வச்சு ஏதாச்சும் ஒரு தொழிலைக் கத்துக்கட்டும். நீங்கதான் கூட இருந்து பார்க்கணும்" என்றார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்றது பாடம் நடத்தும் முறை. கார் பழுது பார்ப்பதன்று. ஆனால் எங்கள் தோட்டத்து ஆலையில் முப்பது ஆண்டுகள் பிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். பையன்கள் அவரைத் தாத்தா என்பார்கள். தாத்தா, நாம், கிராணியின் பேரன், அவனுடைய நண்பர்கள் இருவர் என ஐந்து பேர் சேர்ந்தோம்.

இந்த இஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பெட்ரோல் எரியும்போது பிறக்கும் சூட்டில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிச்சச் சூடு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான கார்களில் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை எடுத்துச் செல்கிறது. பீட்டிலில் தண்ணீரே இல்லை. நான்கு சிலிண்டர்கள் இரு பக்கமும் இரண்டிரண்டாகப் படுத்திருக்கின்றன. அடுக்கி வைத்த தட்டுகளைப் போல அவற்றைச் சுற்றி மெல்லிய இதழ்கள் இருக்கின்றன. மேலே ஒரு விசிறி. அது டைனமோவின் தண்டிலேயே மாட்டப்பட்டு, ஒரு பெல்ட்டினால் சுழல்கிறது. தகரக் கூண்டு ஒன்று அந்தக் காற்றைப் பிடித்து இதழ்களின் வழியே கீழே தள்ளுகிறது. காற்றுக்குத் துணையாக எண்ணெயும் சூட்டைச் சுமக்கிறது. அந்த எண்ணெயோ மொத்தம் இரண்டரை லிட்டர்தான்.

இஞ்சினைச் சுற்றி இன்னும் பல தகரத் தகடுகள் உண்டு. ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டையும் உண்டு. கீழே இறங்கிய சூடான காற்று மறுபடி மேலே ஏறி விசிறிக்குள் போகாமல் தடுப்பது இவற்றின் வேலை. இதை நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லக் காரணம், இதை அறியாமல் ஒரு பெரிய தவறு செய்தோம் என்பதுதான்.

முதல் முறை இஞ்சினைப் பூட்டும்போது தீபாவளி நெருங்கிவிட்டது. தாத்தா கண் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். கீழ்த் தகடுகள் துருவேறி ஓட்டை விழுந்திருந்தன. ரப்பர் பட்டை நொறுங்கிப் போயிருந்தது. "இவற்றை என்ன செய்வது, சார்?" என்று பையன்கள் கேட்டார்கள். "வெறும் மூடித் தகரங்கள்தானே? பண்டிகை முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர் வேறு யாரும் அல்லர், ஆசிரியராகிய நாம்தான். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

இஞ்சின் முதல் முயற்சியிலேயே உயிர் பெற்றது. லயமே கூடி நின்று கைதட்டியது. மறுநாள் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினோம். பாதி ஏற்றத்தில் எண்ணெய் தீயும் நாற்றம் வந்தது. பிறகு இழுவை குறைந்தது. பிறகு இரும்பை இரும்பு உரசும் சத்தம். வண்டி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தகடு இல்லாத இடைவெளி வழியே சுடு காற்று திரும்பத் திரும்ப விசிறிக்குள் போய், சுட்ட இரும்பை மேலும் சுட்டிருக்கிறது.

அந்தத் தாயாரிடம் போய்த் தவறு நம்முடையது என்று சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "மறுபடியும் செஞ்சிடலாம்தானே, சார்?" என்று மட்டும் கேட்டார். கெட்டுப்போன பாகங்களின் செலவை நாமே ஏற்றுக்கொண்டோம். பணத்தைத் திருப்பிவிடலாம், பிள்ளைகளின் நம்பிக்கையை வேலை செய்துதான் திருப்ப வேண்டும்.

இரண்டாம் முறை தாத்தா உடன் இருந்தார். அப்போது பையன் ஒரு யோசனை சொன்னான். இந்த இஞ்சினின் சிலிண்டர் உட்குறுக்களவு 85.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 69 மில்லிமீட்டர். எப்படியும் புது சிலிண்டர் வாங்கப் போகிறோம். அதே இடத்தில் பொருந்தும் 88 மில்லிமீட்டர் சிலிண்டர்கள் கடையில் கிடைக்கின்றன, அவற்றைப் போட்டால் வேகம் கூடுமே என்றான். நாங்கள் கணக்குப் போட்டோம். 1584 கன சென்டிமீட்டர் கொள்ளளவு 1678 ஆகும். நூற்றுக்கு ஆறு பங்கு இலாபம். ஆனால் வெளிச் சுற்றளவு மாறாமல் உள் அளவு மட்டும் கூடினால், சிலிண்டர் சுவர் ஒன்றேகால் மில்லிமீட்டர் மெலிந்துபோகும். மெலிந்த சுவர் சூட்டில் வளையும்.

தாத்தா ஒன்றும் சொல்லாமல், பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பையனின் பாட்டியைப் பார்த்து, "பால் வெட்டுன காலத்துல நீங்க எவ்வளவு ஆழம் வெட்டுவீங்க?" என்று கேட்டார்.

"மரத்துல காயம் படாம, ஒரு நூல் விட்டுத்தான் வெட்டணும்" என்றார் பாட்டி. "ஆழமா வெட்டினா அன்னிக்குப் பால் கூட வரும். ஆனா பட்டை முடிச்சு முடிச்சாப் போயிடும். அப்புறம் அந்த மரத்துல கத்தி வைக்க முடியாது."

பையனுக்கு விளங்கிவிட்டது. காற்றால் குளிரும் இஞ்சினில், எவ்வளவு வலு கூட்டலாம் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்று கேட்க வேண்டும். அதைச் செய்த தொழிற்சாலையே அப்படித்தான் நடந்தது. 1945ஆம் ஆண்டின் இறுதியில் 25 குதிரைத்திறனோடு வெளிவந்த பீட்டில், 50 குதிரைத்திறனை எட்டியது 1970இல். கால் நூற்றாண்டு காலம் சிறிது சிறிதாகவே ஏற்றினார்கள்.

ஆகவே 85.5 அளவையே வைத்துக்கொண்டு, அடக்கமான சில திருத்தங்களை மட்டும் செய்தோம்.

முதலாவது, காற்று. எல்லாத் தகடுகளையும் புதிதாக மாட்டினோம்; ரப்பர் பட்டையும் போட்டோம். முன்பு யாரோ இந்த வண்டிக்குப் பழைய வகை விசிறிக் கூண்டை மாட்டியிருந்தார்கள். அதில் எண்ணெயைக் குளிர்விக்கும் பெட்டி, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கும். 1970இல் தொழிற்சாலை அந்தப் பெட்டியைத் தனி அறைக்கு நகர்த்தியது. அந்தப் புதிய வகைக் கூண்டைத் தேடி வாங்கினோம்.

இரண்டாவது, எண்ணெய். இந்த இஞ்சினுக்கு ஒரு கம்பி வலை மட்டுமே வடிகட்டி. எண்ணெய் முழுவதும் சுற்றி வரும்படி நல்ல வடிகட்டி ஒன்றை இணைத்தோம்.

மூன்றாவது, எடை. நான்கு பிஸ்டன்களையும் அவற்றின் தண்டுகளையும் கேக் செய்யும் தராசில் நிறுத்து, ஒரு கிராம் வித்தியாசத்துக்குள் சமப்படுத்தினோம். எடை சமமானால் அதிர்வு குறையும்.

நான்காவது, மூச்சு. காற்றும் பெட்ரோலும் நுழையும் துவாரங்களில் வார்ப்பின்போது தங்கிவிட்ட மேடுகளை அரத்தால் மெல்லத் தேய்த்தோம். தீப்பொறிக்குப் பழைய பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுக் கருவி பொருத்தினோம். இஞ்சின் கலவையை அழுத்தும் விகிதத்தை ஏறத்தாழ ஏழரைக்கு ஒன்று என்ற பழைய அளவிலேயே விட்டோம். அதைக் கூட்டினால் சூடும் கூடும்.

இந்த முறை கண் அளவுக்கு இடமில்லை. பையன் ஓர் அப்பியாசப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் போட்டான்: பாகத்தின் பெயர், இருக்க வேண்டிய அளவு, இருக்கும் அளவு. எழுதியதை இன்னொருவன் அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கிராங்க் தண்டு முன்னும் பின்னும் அசையும் இடைவெளி 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று மெல்லிய வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டு 0.10க்குக் கொண்டு வந்தோம். வால்வுகளுக்கு, இஞ்சின் நன்றாக ஆறியபின், 0.15 மில்லிமீட்டர். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி பிளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். நான்கையும் இரண்டு பேர் சரிபார்த்தோம்.

முறுக்குவதிலும் ஒரு பாடம் உண்டு. பிளைவீலைப் பிடிக்கும் பெரிய நட்டுக்கு 300 நியூட்டன் மீட்டர் வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மீட்டர் கம்பியின் முனையில் தொங்குவதற்கு அது சமம். ஆனால் சிலிண்டர் தலையைப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு வெறும் 31 போதும். இஞ்சின் உடல் மக்னீசியக் கலவையால் ஆனது. பலசாலி ஒருவன் ஆத்திரத்தில் இறுக்கினால் போல்ட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இறுக்கம் எல்லா இடத்திலும் நன்மையன்று. எங்கே எவ்வளவு என்று அறிவதுதான் தொழில்.

முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி சரிசெய்தோம். பிறகு அதே தாப்பா சாலை. இந்த முறை பையனின் தாயார் முன் இருக்கையில் உட்கார்ந்தார். முன்பு நின்றுபோன வளைவு வந்தபோது யாரும் பேசவில்லை. வண்டி சீரான மூச்சோடு ஏறிப் போயிற்று. தானா ராத்தாவில் இறங்கித் தேநீர் குடித்தோம். அந்த அம்மா இஞ்சின் மூடியைத் திறக்கச் சொல்லி, "அந்தத் தகரமெல்லாம் இருக்குதா?" என்று கேட்டார். பையன் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான்.

பின்னர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றின் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, அவன் சான்றிதழ்களோடு அந்த அப்பியாசப் புத்தகத்தையும் எடுத்துப் போனான். தேர்வாளர் சான்றிதழ்களைவிடப் புத்தகத்தையே நெடுநேரம் புரட்டினாராம். இடம் கிடைத்தது.

நேயர்களே, உங்கள் கப்சாய் மோட்டாரின் இஞ்சினில் இதழ் இதழாக இருந்தால் அதுவும் காற்றால் குளிர்வதுதான். அந்த இதழ்களில் அப்பியிருக்கும் சேற்றை வாரம் ஒரு முறை தூரிகையால் துடையுங்கள். எண்ணெய் அளவைப் பாருங்கள். வேலை முடிந்து வந்தவுடன் சுடு இஞ்சின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பீட்டில் வைத்திருப்பவர்கள், ஓடும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், விசிறியும் நின்றிருக்கும்.

உங்கள் பிள்ளை வீட்டில் பழைய சாமான் எதையாவது பிரித்துப் போட்டால் உடனே கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு புத்தகமும் பென்சிலும் கொடுத்து, கழற்றியதை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எது வீண் தகரம், எது உறுப்பு என்பதை அவனே கண்டுபிடிப்பான். நாம் அதை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டோம்.